மெலிதாக்கிய விண்டோஸ் 11: பென்டிரைவிலிருந்து பூட் ஆகிறது, ஆனால் வட்டு தெரியவில்லை (தீர்ந்தது)

நிழற்குடை | சனி, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். உதவி வேண்டும்.

தங்கையின் லேப்டாப். இன்டெல் 11ஆம் தலைமுறை ஐ3, 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ரேம் 4 ஜிபி. ரேம் போர்டிலேயே பற்றவைத்தது, கூட்ட வழியில்லை. பிரவுசரையும் வேர்டையும் சேர்த்துத் திறந்தாலே திணறுகிறது. அவள் ஆய்வேட்டின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறாள். தேவையில்லாததையெல்லாம் நீக்கிய விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்தால் கொஞ்சம் நிம்மதியாக எழுதுவாள் என்று இறங்கினேன்.

ஒரு வீடியோவுக்குக் கீழே இருந்த இணைப்பிலிருந்து மெலிதாக்கிய ஐஎஸ்ஓ (நிறுவும் வட்டின் முழுப் பிரதியான ஒற்றைக் கோப்பு) எடுத்தேன், 3.4 ஜிபி. 32 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற நிரல் கொண்டு எழுதினேன். பூட் ஆகிறது, மொழி கேட்கிறது, எங்கே நிறுவுவது என்ற திரையும் வருகிறது. அங்கே பட்டியல் காலி. பழைய விண்டோஸ் அதே வட்டிலிருந்து இன்னும் திறக்கிறது, ஆகவே வட்டு பழுதில்லை.

செய்து பார்த்தவை: செக்யூர் பூட்டை (நம்பகமில்லாத நிரல் பூட் ஆவதைத் தடுக்கும் அமைப்பு) அணைத்தேன். பழைய விண்டோஸ் ஏதோ சாவி எண் கேட்டதால் மறுபடி போட்டுவிட்டேன். யுஎஸ்பி போர்ட் மாற்றினேன். ரூஃபஸில் எம்பிஆர், ஜிபிடி என்ற இரண்டு பார்ட்டிஷன் முறைகளும் பார்த்தேன். கடைசியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே அசல் ஐஎஸ்ஓவை எடுத்தேன், 5.4 ஜிபி. அதிலுள்ள இன்ஸ்டால் விம் கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருந்ததால் விண்டோஸின் டிஸம் கட்டளையால் அதை இரண்டாகப் பிரித்து ஃபேட்32 (ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாத பார்மட்) பென்டிரைவில் போட்டேன். அது இன்னும் மோசம். வட்டுத் திரைவரைகூட வராமல், கணினிக்குத் தேவையான மீடியா டிரைவர் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது.

டிஸ்க்பார்ட் என்ற கருவியில் கிளீன் (வட்டைத் துடைக்கும் கட்டளை) கொடுத்தால் வட்டு தெரியும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். கொடுக்கலாமா?

எறும்புச்சாரை | சனி, இரவு 10.40

11ஆம் தலைமுறை என்றதுமே, வட்டை மறைக்கும் விஎம்டிதான் காரணம். பயோஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) விஎம்டி என்று ஒரு அமைப்பு இருக்கும், அதை அணையுங்கள், வட்டு தெரிந்துவிடும். அப்புறம் ஷிப்ட் எஃப்10 அழுத்தி டிஸ்க்பார்ட் திறந்து கிளீன். பத்து நிமிட வேலை.

பழையபெட்டி | சனி, இரவு 11.20

தம்பி, கிளீன் கட்டளையை இப்போதைக்குத் தொட வேண்டாம். அது உறுதியா என்றுகூடக் கேட்காது. எந்த வட்டு தேர்வில் இருக்கிறதோ அதன் பார்ட்டிஷன் அட்டவணை அந்த நொடியே போய்விடும். தவிர, வட்டே தெரியாத இடத்தில் எதைத் துடைக்கப் போகிறீர்கள்? பட்டியலில் அப்போது இருக்கும் ஒரே வட்டு உங்கள் பென்டிரைவ்தான்.

நீங்கள் ஒரே கோளாறு என்று நினைத்துத் துரத்துவது இரண்டு கோளாறுகள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மீடியா டிரைவர் இல்லை என்ற செய்தி பெரும்பாலும் டிரைவரைப் பற்றியதே அல்ல. நிறுவும் நிரல் தான் கிளம்பி வந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கிறது. அங்கே இருக்க வேண்டிய கோப்புகளைப் படிக்க முடியவில்லை என்றால் இப்படிச் சொல்கிறது. அதாவது புகார் பென்டிரைவ் மீது. ஐஎஸ்ஓ அரைகுறையாக இறங்கியிருக்கலாம், எழுதும்போது கெட்டிருக்கலாம், சில சமயம் அந்த யுஎஸ்பி போர்ட்டே ஒத்துவராமல் இருக்கலாம்.

காலிப் பட்டியல் வேறு விஷயம். அது உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியைப் பற்றியது. எறும்புச்சாரை சொன்னது அதற்குப் பொருந்தும். ஆனால் அது முதல் கோளாறைத் தீர்க்காது.

எனக்கு மூன்று விவரம் வேண்டும். அசல் ஐஎஸ்ஓவின் ஹாஷ் (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும், கைரேகை போன்ற எண்) சரிபார்த்தீர்களா? இரண்டு முறையும் ஒரே பென்டிரைவா? தங்கையின் கோப்புகளுக்கு பேக்கப் எங்கே இருக்கிறது?

நிழற்குடை | ஞாயிறு, காலை 7.05

அண்ணா, பொறுமையாக எழுதியதற்கு நன்றி. விண்டோஸின் சர்ட்யுட்டில் கட்டளை கொண்டு எஸ்எச்ஏ256 ஹாஷ் எடுத்தேன், தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. மெலிதாக்கிய ஐஎஸ்ஓவுக்கு ஹாஷ் எதுவும் யாரும் தரவில்லை.

ஆமாம், ஒரே பென்டிரைவ். பேக்கப் எடுத்தாயிற்று, 11 ஜிபி, தனி பென்டிரைவில் இருக்கிறது. அதனால் வட்டைத் துடைப்பதில் எனக்குப் பயமில்லை.

பழையபெட்டி | ஞாயிறு, காலை 7.50

உங்கள் முதல் பதிவை மறுபடி படித்தேன். 3.4 ஜிபி எழுதினால் கடைசித் திரைவரை போகிறது. 5.4 ஜிபி எழுதினால் பாதியில் நிற்கிறது. ஹாஷ் சரியாக இருக்கும் கோப்புதான் நிற்கிறது. எனக்கு இது ஐஎஸ்ஓவின் வேலையாகத் தெரியவில்லை. அந்தப் பென்டிரைவ் உண்மையில் 32 ஜிபிதானா?

வெள்ளைப்பலகை | ஞாயிறு, காலை 8.30

பழையபெட்டி சொல்வதை வழிமொழிகிறேன். சேமிப்பகங்களைச் சோதிப்பதுதான் என் தினசரி வேலை, இந்த மாதிரி நிறையப் பார்க்கிறேன்.

போலிப் பென்டிரைவில் இருக்கும் சிப் சிறியது. ஆனால் அதன் கட்டுப்பாட்டு நிரல் கணினியிடம் பெரிய எண்ணைச் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். உண்மை இடம் தீர்ந்த பிறகு எழுதுவது எல்லாம் ஒன்று தொலைந்துபோகும், இல்லையென்றால் முன்னால் எழுதியதன் மேலேயே விழும். எழுதும்போது எந்தப் பிழையும் வராது. கோப்பின் பெயரும் அளவும் பட்டியல் பகுதியில் இருக்கின்றன, ஃபேட்32இல் அந்தப் பகுதி பெரும்பாலும் முன்பக்கத்தில். அதனால் ஃபோல்டரைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். உள்ளே பொருள் இருக்காது. பூட் செய்யத் தேவையான கோப்புகள் முன்பகுதியில் விழுந்திருந்தால் இப்படித்தான் பாதிவரை போய் நிற்கும்.

சோதிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன நிரல் இருக்கிறது. பென்டிரைவ் முழுவதும் 1 ஜிபி கோப்புகளாக நிரப்பிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் திரும்பப் படித்து ஒப்பிடும். விநாடிக்கு 10 எம்பி வேகத்தில் எழுதும் பென்டிரைவ் என்றால் 32 ஜிபி நிரப்பவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படாதீர்கள். லினக்ஸில் இதே வேலைக்கு எஃப்3 இருக்கிறது. ரூஃபஸிலேயே பழுதான பகுதிகளைத் தேடும் ஒரு தேர்வு உண்டு, அதுவும் போலியைக் காட்டிக்கொடுக்கும். மூன்றுமே பென்டிரைவில் எழுதும் சோதனைகள். ரூஃபஸ் உள்ளதை அழித்துவிடும். மற்ற இரண்டும் காலி இடத்தில்தான் எழுதும் என்றாலும் போலியில் அந்த எழுத்து பழைய கோப்பின் மேல் விழலாம். ஆகவே தரவு இருக்கும் பென்டிரைவில் எதையும் ஓட்ட வேண்டாம்.

உடனே தெரிய வேண்டும் என்றால், அசல் ஐஎஸ்ஓவைச் சாதாரணக் கோப்பாக எக்ஸ்ஃபேட் பார்மட்டில் அந்தப் பென்டிரைவுக்கு நகலெடுத்து, ஒருமுறை கழற்றி மாட்டி, அங்கிருந்தே ஹாஷ் எடுங்கள். கழற்றி மாட்டுவது முக்கியம். இல்லாவிட்டால் கணினி தன் நினைவகத்தில் இருப்பதையே படித்து, எல்லாம் சரி என்று சொல்லிவிடலாம்.

நிழற்குடை | ஞாயிறு, பிற்பகல் 1.10

ஹாஷ் ஒத்துப்போகவில்லை. எச்2டெஸ்ட்டபிள்யூவும் ஓட்டினேன். 4 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் நல்ல இடம், மீதி எல்லாம் இழப்பு என்கிறது.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. பேக்கப் வைத்திருக்கும் பென்டிரைவும் இதோடு சேர்த்து வாங்கியதுதான். ஒரே பொட்டலத்தில் இரண்டு.

பழையபெட்டி | ஞாயிறு, பிற்பகல் 1.18

அந்தப் பென்டிரைவில் எதையும் எழுதாதீர்கள். மாட்டி, பெரிய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மட்டும் பாருங்கள். லேப்டாப்பின் உள்வட்டை யாரும் இன்னும் தொடவில்லை அல்லவா? அது பத்திரமாக இருக்கும்வரை ஒன்றும் போகவில்லை.

நிழற்குடை | ஞாயிறு, பிற்பகல் 2.05

ஃபோல்டர் அளவு 11 ஜிபி என்றுதான் காட்டுகிறது, கோப்புகளின் எண்ணிக்கையும் சரி. ஆனால் அவள் எடுத்த நேர்காணல் ஒலிப்பதிவுகளில் முதல் சில மட்டும் ஒலிக்கின்றன, மற்றவை திறக்கவில்லை. நான்காம் அத்தியாயத்தின் வேர்டு கோப்பு சிதைந்துவிட்டது என்று வருகிறது.

நல்ல வேளை, நிறுவும் திரையில் வட்டு தெரியவில்லை. தெரிந்திருந்தால் வெள்ளி இரவே எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்திருப்பேன். தங்கையிடம் இப்போதுதான் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் பேசாமல் லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எறும்புச்சாரை | ஞாயிறு, பிற்பகல் 2.20

நிழற்குடை, மன்னித்துவிடுங்கள். பேக்கப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் கிளீன் கொடுக்கச் சொன்னது என் தவறு. விஎம்டி பகுதி மட்டும் சரி, மற்றதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

பழையபெட்டி | ஞாயிறு, பிற்பகல் 3.00

சரி, இனி வரிசையாகப் போகலாம்.

பழைய விண்டோஸைத் திறந்து அதற்குள்ளிருந்தே வேறொரு நம்பகமான இடத்துக்கு நகலெடுங்கள். பென்டிரைவ் வேண்டாம், வெளி ஹார்ட் டிஸ்க் இருந்தால் நல்லது. அத்தியாயக் கோப்புகளை மட்டும் மேகச் சேமிப்பிலும் ஏற்றிவிடுங்கள், அவை சில எம்பிதான் இருக்கும். நகல் முடிந்ததும் இரண்டு பக்கமும் ஹாஷ் எடுத்து ஒப்பிடுங்கள்.

உள்ளிருந்தே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செக்யூர் பூட்டை அணைத்தபோது சாவி எண் கேட்டது என்றீர்களே, அது பிட்லாக்கர். வட்டு குறியாக்கத்தில் இருக்கிறது. இந்தக் காலத்து லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தாலே அது தானாகத் தொடங்கிவிடுவது உண்டு, உரிமையாளருக்கே தெரியாது. மீட்புச் சாவி 48 இலக்கம். தங்கையின் கணக்கில் சேமித்திருக்கும், அதை இப்போதே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயோஸில் இன்னொரு மாற்றம் செய்து, மறுபடி கேட்டு, அப்போது சாவி இல்லையென்றால் அந்த வட்டில் இருப்பதை யாராலும் படிக்க முடியாது.

அடுத்து விஎம்டி. 11ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் எஸ்எஸ்டி நேரடியாகத் தெரியாது. புரொசசருக்குள் இருக்கும் விஎம்டி என்ற கட்டுப்பாட்டுப் பகுதி நடுவில் நிற்கிறது. என்விஎம்இக்கான பொது டிரைவர் விண்டோஸ் நிறுவியில் இருக்கிறது. ஆனால் விஎம்டிக்கு வேறு டிரைவர் வேண்டும். அது இல்லையென்றால் நிறுவிக்கு வாசல் மூடியிருப்பது போல, உள்ளே வட்டு இருப்பதே தெரியாது.

பயோஸில் அணைத்தாலும் வட்டு தெரியும். எனக்கு அந்த வழி பிடிக்காது. அணைத்த நிலையில் பழைய விண்டோஸ் பெரும்பாலும் நீலத் திரையில் விழும், ஏனென்றால் அது விஎம்டி வழியாக வட்டைப் பார்த்துப் பழகியது. அணைத்துவிட்டுப் புதிதாக நிறுவினால், பின்னாளில் பயோஸ் எப்போதாவது பழைய அமைப்புக்குத் திரும்பும்போது இதே தலைவலி வரும். சில லேப்டாப்களில் அந்தத் தேர்வையே மறைத்து வைத்திருக்கிறார்கள். டிரைவரைக் கையில் கொண்டுபோவதுதான் சரியான வழி.

லேப்டாப் தயாரித்தவர்களின் தளத்தில் உங்கள் மாடலுக்குக் கீழே ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி என்ற பெயரில் கிடைக்கும். நிறுவும் திரையில் இஎக்ஸ்இ கோப்பு வேலைக்கு ஆகாது, ஐஎன்எஃப் கோப்புகள் வேண்டும். இன்டெல்லின் செட்டப் ஆர்எஸ்டி கோப்பு கிடைத்தால், கட்டளை வரியில் அதன் பெயருக்குப் பின்னால் இடம் விட்டு ஒரு சிறு கோடு (-) போட்டு எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ் என்று சேர்த்தெழுதி, இடம் விட்டு, ஒரு ஃபோல்டரின் பெயர் கொடுங்கள், பிரித்துத் தரும். அந்த ஃபோல்டரை நிறுவும் பென்டிரைவிலேயே போட்டு, காலிப் பட்டியல் வரும் திரையில் லோட் டிரைவர் அழுத்தி அதைக் காட்டுங்கள்.

கீற்றோலை | ஞாயிறு, மாலை 5.30

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் பழைய கோர் 2 டுயோ கணினி இருக்கிறது. விண்டோஸ் 11இன் மெலிதாக்கிய 24எச்2 பதிப்பைப் போட்டால் லோகோ வந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது, முடிவில்லாமல். 22எச்2 மெலிந்த பதிப்பு ஓடியது. இதுவும் பென்டிரைவ் கோளாறா?

வெள்ளைப்பலகை | ஞாயிறு, மாலை 5.55

இல்லை, இது புரொசசர். 24எச்2 முதல் எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் கட்டளைகள் புரொசசரில் கட்டாயம் இருக்க வேண்டும். கோர் 2 டுயோவில் அவை கிடையாது. டிபிஎம் (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட், ரேம் அளவு போன்றவை நிறுவி செய்யும் சோதனைகள், அவற்றைத் தாண்ட வழி உண்டு. இது இயங்குதளத்தின் மையமான கர்னலே பயன்படுத்தும் கட்டளை, எவ்வளவு மெலிதாக்கினாலும் தாண்ட முடியாது. அந்தக் கணினிக்கு எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போடுங்கள், இன்னும் சில வருடம் உழைக்கும்.

நிழற்குடை | ஞாயிறு, இரவு 9.10

அலுவலக நண்பரிடம் வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி 11 ஜிபியும் எடுத்துவிட்டேன். ஹாஷ் பட்டியல் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஒலிப்பதிவுகளைத் தங்கையே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள். 48 இலக்கமும் எழுதியாயிற்று. புதிய பென்டிரைவ் ஒன்றை முதலில் எச்2டெஸ்ட்டபிள்யூவில் ஓட்டினேன், முழு அளவும் நல்லது.

இனி எந்த ஐஎஸ்ஓ போடுவது? அந்த வீடியோ இணைப்பில் எடுத்ததையே போடலாமா?

பழையபெட்டி | ஞாயிறு, இரவு 9.45

வேண்டாம். யார் செய்தது, எதை நீக்கினார்கள், எதைச் சேர்த்தார்கள், ஒன்றும் தெரியாது. இயங்குதளத்துக்கு எல்லாக் கோப்பையும் படிக்கும் உரிமை இருக்கிறது. தங்கை அதில் தன் கடவுச்சொற்களையும் ஆய்வையும் வைக்கப் போகிறாள். சரிபார்க்க ஒரு ஹாஷ்கூடக் கொடுக்காதவரின் வேலையை நம்பி அதைச் செய்ய முடியாது.

எறும்புச்சாரை | ஞாயிறு, இரவு 10.05

இதில் நான் உதவ முடியும், பல முறை செய்திருக்கிறேன். டைனி11 பில்டர் என்று ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கிறது, மூலநிரல் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது. நீங்கள் சரிபார்த்த அசல் ஐஎஸ்ஓவை மவுண்ட் செய்து அந்த டிரைவ் எழுத்தைக் கொடுத்தால், உங்கள் கண் முன்னாலேயே கூடுதல் செயலிகளை நீக்கிப் புதிய ஐஎஸ்ஓ செய்து தரும். என்னென்ன நீக்குகிறது என்று ஸ்கிரிப்ட்டிலேயே படிக்கலாம்.

எந்தப் பதிப்பு என்று ஒரு எண் கேட்கும். லேப்டாப்போடு ஹோம் வந்திருந்தால் ஹோம் எண்ணையே கொடுங்கள், அப்போதுதான் உரிமம் தானாக ஒத்துப்போகும்.

கோர் என்று இன்னொரு ஸ்கிரிப்ட் அதிலேயே இருக்கும், இன்னும் சிறியதாக்கும். அதை எடுக்க வேண்டாம். அது வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரையே நீக்குகிறது. அப்புறம் அப்டேட் வராது, மொழியோ வசதியோ சேர்க்க முடியாது, வைரஸ் தடுக்கும் டிஃபெண்டரும் இயங்காது. மெய்நிகர் கணினியில் சோதித்துப் பார்ப்பதற்கானது அது. சாதாரண ஸ்கிரிப்ட்டில் அப்டேட் வழி திறந்தே இருக்கும்.

எட்ஜும் நீக்கப்படும். ஆகவே உங்களுக்குப் பிடித்த பிரவுசரின் முழு நிறுவியையும் வைஃபை டிரைவரையும் முன்கூட்டியே பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளைப்பலகை | ஞாயிறு, இரவு 10.30

ஒரு மாற்றுக் கருத்து. மெலிதாக்குவதால் வட்டில் இடம் மிச்சமாகும், பின்னணியில் ஓடுபவை குறையும். ஆனால் 4 ஜிபியைத் தின்பது பெரும்பாலும் பிரவுசர் டேப்கள்தான், அவை மெலிந்த விண்டோஸிலும் அதே அளவு தின்னும். அசலையே சுத்தமாக நிறுவி, தானாகத் தொடங்குபவற்றை அணைத்தாலும் நல்ல வித்தியாசம் தெரியும். அவசரமாக ஆய்வேடு முடிக்க வேண்டியவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

எறும்புச்சாரை | ஞாயிறு, இரவு 10.42

4 ஜிபியில் அசலை வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் ஏதாவது ஒன்று பின்னணியில் திரும்ப வந்து உட்காரும். டேப் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. முடிவு நிழற்குடையுடையது.

நிழற்குடை | திங்கள், இரவு 11.25

நிறுவி முடித்துவிட்டேன்.

டைனி11 சாதாரண ஸ்கிரிப்ட், ஹோம் பதிப்பு. பட்டியல் இந்த முறையும் காலியாகத்தான் வந்தது, ஆனால் காரணம் தெரிந்ததால் பதற்றமில்லை. லோட் டிரைவர் கொடுத்து விஎம்டி ஃபோல்டரைக் காட்டினேன். ஒரே நேரத்தில் மூன்று நான்கு டிரைவர் பெயர்கள் வந்தன, பெயரில் விஎம்டி என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். சில விநாடிகளில் 256 ஜிபி வட்டு அதன் எல்லாப் பார்ட்டிஷனோடும் வந்து நின்றது. அழிக்கும் முன் தங்கையைக் கூப்பிட்டு, வெளி ஹார்ட் டிஸ்க்கை இன்னொரு கணினியில் மாட்டி, நான்காம் அத்தியாயத்தை அவள் கையாலேயே திறக்கச் சொன்னேன். அவள் தலையசைத்த பிறகுதான் டெலீட் அழுத்தினேன்.

வைஃபை முதலில் இல்லை, பென்டிரைவில் இருந்த டிரைவரைப் போட்டதும் வந்தது. உரிமம் தானாக ஏற்றுக்கொண்டது. முன்பு எதுவும் திறக்காமலேயே 3 ஜிபி அருகில் நின்ற நினைவகப் பயன்பாடு இப்போது 2 ஜிபிக்குக் கீழே இருக்கிறது. வெள்ளைப்பலகை சொன்னதும் உண்மைதான், பத்து டேப் திறந்தால் மறுபடி மேலே ஏறுகிறது. அவளிடம் ஐந்தோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

பழையபெட்டி | செவ்வாய், காலை 6.40

மகிழ்ச்சி தம்பி. புதிய விண்டோஸிலும் குறியாக்கம் தொடங்கியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், தொடங்கியிருந்தால் சாவி புதிதாக இருக்கும். அந்த இரண்டு பென்டிரைவும் என்ன ஆயிற்று?

நிழற்குடை | செவ்வாய், காலை 8.15

பார்த்தேன் அண்ணா, குறியாக்கம் அணைந்திருக்கிறது. தங்கை கேட்டபடி அவள் ஆய்வேடு முடிந்ததும் போட்டுக்கொள்வதாக இருக்கிறோம், சாவியை அன்றே எழுதி வைப்பேன்.

பென்டிரைவ் இரண்டையும் உடைத்துவிட்டேன். வீட்டில் கிடந்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்து ஏதாவது சேமித்துவிடுவார்கள். தங்கை நேற்றிரவே நான்காம் அத்தியாயத்தில் மறுபடி வேலை தொடங்கிவிட்டாள்.